பள்ளிக்கு வரும் பணம் எங்கே நின்றுவிடுகிறது?

நீங்கள் கேட்டது இது: "எங்கள் பகுதி அரசுப் பள்ளிக்கு ஆண்டுதோறும் நிதியைக் கூட்டுகிறோம் என்று அரசு சொல்கிறது. புதுக் கட்டடமும் வந்துவிட்டது. ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலரால் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. பணம் போதவில்லையா, அல்லது பணத்தால் பயனே இல்லையா? இன்னும் நிதி கேட்டு மனு கொடுப்பதில் அர்த்தம் உண்டா?" போதுமா போதாதா என்பதைவிட முக்கியமான ஒன்று இதற்குள் இருக்கிறது. கருவூலத்திலிருந்து புறப்படும் பணம் எந்த வழியாகப் போய் ஒரு பிள்ளையின் வாசிப்பாக மாறுகிறது, அந்த வழி எங்கே அறுந்துபோகிறது என்பதுதான் அது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மனுவில் என்ன எழுதுவது என்பது தானாகத் தெளிவாகும்.

பணத்தால் பயன் உண்டா என்பதில் நீண்ட காலம் ஐயம் இருந்தது. 1966-ல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்தது. பள்ளிகளுக்கு இடையே உள்ள வசதி வேறுபாட்டைவிடக் குடும்பச் சூழலே மதிப்பெண்ணை அதிகம் விளக்குகிறது என்று அது சொன்னது. 1980-களில் பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் பல ஆய்வுகளைத் தொகுத்து, செலவுக்கும் கற்றலுக்கும் உறுதியான, சீரான தொடர்பு தென்படவில்லை என்றார். "பணம் கொட்டி என்ன பயன்" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான். பிறகு ஆய்வு முறைகள் மேம்பட்டன. நீதிமன்ற உத்தரவுகளால் சில பகுதிப் பள்ளிகளுக்கு நிதி கூடியதைப் பயன்படுத்தி, 1955 முதல் 1985 வரை பிறந்தவர்களைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வொன்றை கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகியோர் 2016-ல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுவதும் ஒரு மாணவருக்கான செலவு 10% கூடுதலாக இருந்தால் படித்த ஆண்டுகள் சராசரியாக 0.31 கூடின, பிற்கால ஊதியம் சுமார் 7% உயர்ந்தது, வறுமை குறைந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பலன் இன்னும் பெரிதாக இருந்தது. அங்கே கூடுதல் பணம் ஆசிரியருக்கான மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கவும், ஆசிரியர் ஊதியத்துக்கும், பள்ளி நாட்களைக் கூட்டவும் போனது. தொடர்ந்து பல ஆண்டு கிடைத்தது என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, நிலையாகக் கிடைக்கும் கூடுதல் நிதி பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றக்கூடியது. இதை உறுதியாகச் சொல்லலாம். எந்த நிதியும், எப்படிச் செலவழித்தாலும் அதைச் செய்துவிடும் என்று மட்டும் சொல்ல முடியாது. உங்கள் பள்ளியின் கணக்கைப் பார்க்காமல் அங்கே கோளாறு எது என்று யாராலும் தீர்ப்பு வழங்க முடியாது. எங்கெல்லாம் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் "நிதி கூடியது" என்ற செய்தியையே சோதியுங்கள். பள்ளிக் கல்விச் செலவில் பெரும்பகுதி சம்பளம். பணக்கார நாடுகளிலேயே சுமார் முக்கால் பங்கு பணியாளர் ஊதியத்துக்குப் போகிறது. வருமானம் குறைந்த நாடுகளில் அதைவிட அதிகம். கணக்குக்காக 100 ரூபாய் ஒதுக்கீட்டில் சம்பளம் 85, மற்றவை 15 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு 108 ஆகிறது. ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேர்ந்து சம்பளத்தை 93 ஆக்கிவிட்டால், மற்றவற்றுக்கு மிஞ்சுவது அதே 15. இதற்கிடையில் விலைவாசி 6% ஏறியிருந்தால் அந்த 15-இன் வாங்கும் திறன் 14-க்குச் சற்று மேலே நிற்கும். தலைப்புச் செய்தி எட்டு சதவீத உயர்வு என்று சொல்லும். வகுப்பறைக்கோ கிடைத்தது குறைவு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, திருடவும் இல்லை. அதனால்தான் மொத்தத் தொகையைக் கேட்காமல் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: சம்பளம், நடப்புச் செலவு, கட்டுமானச் செலவு. மூன்றையும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, மூன்று ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலிப் பணியிடங்களையும் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கான சம்பளம் மதிப்பீட்டில் இருக்கும், ஆசிரியர் வகுப்பில் இருக்க மாட்டார், ஆண்டு இறுதியில் அந்தப் பணம் திரும்பிப் போயிருக்கும்.

அடுத்தது, பணம் வந்து சேர்ந்ததா என்பது. இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு உகாண்டா. 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13% மட்டுமே பள்ளிகளை எட்டியது என்று ரெய்னிகா, ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று அரசு செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கியது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளைச் சேர்ந்தது. இந்த உயர்வில் செய்தித்தாளுக்கு எவ்வளவு பங்கு, அதே காலத்தில் நடந்த மற்றச் சீர்திருத்தங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வர வேண்டிய தொகை எவ்வளவு என்று பள்ளிக்கே தெரியாதபோது, அது குறைந்தாலும் கேட்க ஆளிருக்காது என்பதில் வேறுபாடு இல்லை.

திருட்டைவிடப் பரவலான நோய் தாமதம். ஒவ்வொரு மானியத்துக்கும் நான்கு தேதிகளைக் குறித்து வையுங்கள்: ஆணை வெளியான நாள், மேலிடத்திலிருந்து தொகை விடுவிக்கப்பட்ட நாள், பள்ளிக் கணக்கில் வரவான நாள், செலவான நாள். பள்ளி திறந்து எட்டு மாதம் கழித்து வரும் கற்பித்தல் பொருளுக்கான பணம் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு உதவாது. நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கையில் வந்தால் தலைமை ஆசிரியருக்கு ஒரே கவலைதான், திரும்பிப் போகாமல் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவது. அந்த அவசரத்தில் எளிதாக ரசீது கிடைக்கும் பொருளே வாங்கப்படும்: சுவர் வண்ணம், அலமாரி, ஒலிபெருக்கி. தணிக்கையும் ரசீதைத்தான் பார்க்கிறது, பொருள் பயன்பட்டதா என்று பார்ப்பதில்லை. தலைமை ஆசிரியரை மட்டும் குறை சொல்வது அநியாயம். அவர் கையைக் கட்டிப்போடுவது தலைப்பு வாரியான கட்டுப்பாடு. கழிப்பறைக் குழாய் உடைந்திருந்தாலும் எழுதுபொருள் தலைப்பில் உள்ள பணத்தை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்காது.

பணம் நேரத்துக்கு வந்து, நேர்மையாகச் செலவாகியும் கற்றல் அசையாமல் இருப்பது மூன்றாவது முறிவு. சரியான இடத்தில் பட்டதா என்ற கேள்வி இங்கே வருகிறது. நல்ல மனம் கொண்டவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். இந்தோனேசியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பானது. 360 பள்ளிகளில் நடந்த ஆய்வில் ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, வேறு வேலை பார்ப்பது குறைந்தது. மாணவர் கற்றலில் மட்டும் மாற்றம் இல்லை. நல்ல ஊதியம் பிற்காலத்தில் திறமையானவர்களை இந்தத் தொழிலுக்கு ஈர்க்கலாம், ஓரிரு ஆண்டு ஆய்வில் அது தெரிய வராது. எனவே ஊதியமே வீண் என்ற முடிவுக்கு இதை வைத்துப் போகக் கூடாது. ஏற்கெனவே பணியில் இருப்பவர் பாடம் நடத்தும் முறையை ஊதிய உயர்வு மட்டும் மாற்றவில்லை என்பதே இதில் உள்ள செய்தி. கென்யாவில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்த திட்டமொன்றில், முன்பே நன்றாகப் படித்த மாணவர்கள்தான் பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தாலும் அது பையிலேயே இருக்கும்.

வகுப்பைச் சிறிதாக்கும் யோசனையும் அப்படித்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய ஸ்டார் சோதனையில், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளுக்குப் பதில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் சேர்க்கப்பட்ட சிறு பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதைப் பார்த்து 1996-ல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளை 20 பேருக்குக் குறைக்க நிதி கொடுத்தது. திடீரென்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், முழுத் தகுதி இல்லாதவர்கள் வகுப்புக்கு வந்தார்கள், ஏழைப் பகுதிப் பள்ளிகள் அதில் அதிகம் அடிபட்டன. சோதனையில் பலித்த ஒன்று அவசரமாக விரிக்கப்பட்டபோது அதன் பலன் கரைந்தது. வகுப்பில் 60 பேர் இருந்தால் அதைப் பிரிக்கத்தான் வேண்டும், அதில் விவாதமே இல்லை. 32-ஐ 28 ஆக்க ஓர் ஆசிரியருக்கான பணத்தைச் செலவிடலாமா என்பதுதான் கேள்வி, எனக்கு அது வீண் என்றே படுகிறது.

பெற்றோரின் பணப்பையும் இந்தக் கணக்கில் வருகிறது. ஆந்திரத்திலும் ஜாம்பியாவிலும் பள்ளி மானியம் பற்றி நடந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஆந்திரத்தில் எதிர்பாராமல் மானியம் வந்த முதல் ஆண்டில் மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் மானியம் வரும் என்று முன்பே தெரிந்ததால் பெற்றோர் நோட்டுக்கும் எழுதுபொருளுக்கும் தாங்கள் செய்த செலவைக் குறைத்துக்கொண்டார்கள். கூடுதல் பலன் தென்படவில்லை. குடும்பத்துக்கு இதனால் கொஞ்சம் சுமை குறைந்தது, அது நல்லதே. ஆனால் கற்றலை உயர்த்த வேண்டுமென்றால் பெற்றோரால் வாங்கித் தர முடியாத ஒன்றில் பொது நிதி போக வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் ஆள் பிள்ளையோடு உட்கார்ந்து கற்பிக்கும் நேரம் அப்படிப்பட்டது. கழிப்பறையில் தடையின்றி ஓடும் தண்ணீரும் அப்படிப்பட்டதே.

எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், வாசிப்புச் சோதனையிலிருந்து என்பேன். இதற்குப் பணமே வேண்டாம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க இந்தியாவில் 2005 முதல் நடக்கும் ஏசர் கணக்கெடுப்பில் கையாளப்படும் முறையைப் பள்ளி அளவில் அப்படியே செய்யலாம். ஒரே தாளில் நான்கு நிலைகள்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஏழு முதல் பத்து வரிக் கதை. பிள்ளையைத் தனியாக, மற்றவர்களின் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்து, முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். தடுமாறாமல் வாசித்தால் கதை, தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. ஒரு பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம் போதும். கணக்கிலும் இதேபோல் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். பெயரையும் வகுப்பையும் எட்டிய நிலையையும் எழுதிவைத்தால் ஒரு பக்கத்தில் முழுப் பள்ளியும் தெரிந்துவிடும். அன்று வராத பிள்ளைகளை மறுநாள் கட்டாயம் பிடியுங்கள். பின்தங்கியவர்கள்தான் அதிகம் விடுப்பு எடுப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால் பள்ளி உண்மையைவிட நன்றாகத் தோன்றும். மதிப்பெண் போடாதீர்கள், வகுப்பாசிரியர் பெயரை அதோடு சேர்க்காதீர்கள். பயம் புகுந்த நிமிடத்தில் எண்கள் பொய்யாகும்.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் காட்டுவது, ஒரே ஐந்தாம் வகுப்பில் எழுத்தில் நிற்பவரும் கதை வாசிப்பவரும் கலந்திருப்பதை. ஆசிரியர் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார், ஏனெனில் பாடத்திட்டத்தை முடித்தாரா என்றுதான் அவரை மேலிடம் கேட்கிறது. பாதி வகுப்புக்கு அது எட்டாத உயரத்தில் போகிறது. இதற்கு மருந்தாக நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட முறை, நாளில் ஒரு மணி நேரம் வகுப்பு வேறுபாட்டைக் கலைத்து, மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ளவர்களை எட்டிய நிலைப்படி குழுவாக்கி, அந்த நிலைக்கு ஏற்பக் கற்பிப்பது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதைச் செய்ததையும், அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோக முயன்றதையும் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் பல ஆண்டுகள் மதிப்பிட்டார்கள். ஆசிரியருக்குப் பயிற்சியும் கையேடும் மட்டும் கொடுத்த இடங்களில் முறை பிசுபிசுத்துப் போனது. அந்த ஒரு மணி நேரம் மற்றப் பாடங்களுக்குப் போய்விட்டது. ஹரியானாவில் அதற்கென்று அட்டவணையில் தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர்கள் நேரில் வந்து உதவியபோது பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. ஆகவே அட்டவணையில் அந்த நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேறு எதற்கும் அது போகக் கூடாது.

நேரம் என்றதும் இன்னொரு கணக்கும் போடுங்கள். 200 நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் ஏட்டில் 1,000 மணி நேரம். ஆசிரியர் விடுப்பு, பயிற்சி, வேறு அரசுப் பணி என்று 30 நாள், விழாக்களும் தேர்வு நாட்களும் 20 நாள் போனால் மிச்சம் 150. ஒவ்வொரு நாளும் தாமதமாகத் தொடங்குவதிலும் பதிவேடு நிரப்புவதிலும் முக்கால் மணி நேரம் போனால், உண்மையில் பாடம் நடந்தது 640 மணி நேரத்துக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சம்பளம் கொடுத்தும் வாங்காமல் விட்ட நேரம் இது. ஒரு மாதம் இந்தக் கணக்கை உங்கள் பள்ளியில் எடுத்துப் பாருங்கள். பதிவேட்டு வேலைக்கு ஓர் எழுத்தரை அமர்த்துவது கணினி அறை கட்டுவதைவிட அதிகக் கற்பித்தலைத் தரும் பள்ளிகள் நிறைய உண்டு.

கட்டடம் பற்றியும் ஒரு சொல். எல்லாக் கட்டுமானமும் வீண் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளின் கட்டுமான முதலீட்டைப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வில், வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் சீராக்குவது, நச்சுப் பொருட்களை அகற்றுவது போன்றவை மதிப்பெண்ணை உயர்த்தின. விளையாட்டரங்கங்கள் அப்பகுதி வீட்டு விலையை உயர்த்தினவே தவிர மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. விளையாட்டுக்கு வேறு நியாயங்கள் உண்டு, கற்றலின் பெயரில் அதைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பெரிய தவறு நடப்பது பராமரிப்பில். பொதுக் கட்டடங்களுக்கு, புதிதாகக் கட்ட ஆகும் இன்றைய செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு வேண்டும் என்பது பொறியாளர்களிடையே வழங்கும் அளவுகோல். திறப்பு விழாவுக்கு ஆள் வருவார்கள், பராமரிப்புக்கு ஒதுக்கீடு வராது. திறன்பலகை வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: மின்வெட்டில் என்ன ஆகும், பழுதானால் யார் வருவார், மூன்றாம் ஆண்டுக்கான பணம் எந்தத் தலைப்பில்? பதில் இல்லையென்றால் அது இருப்புப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு இருந்தால் இதெல்லாம் நடந்துவிடுமா? இங்கே சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. காம்பியாவில் மானியத்தோடு குழுவுக்குப் பயிற்சியும் கொடுத்தபோது ஆசிரியர், மாணவர் வருகை மேம்பட்டது, மதிப்பெண் உயரவில்லை. இந்தோனேசியாவில் மானியம் மட்டும் பெற்ற குழுக்கள் பெரிதாக எதையும் மாற்றவில்லை, கிராம மன்றத்தோடு இணைக்கப்பட்ட குழுக்களின் பள்ளிகளில் கற்றல் உயர்ந்தது. எனக்குத் தோன்றுவது, அதிகாரம் உள்ள ஓர் அமைப்பின் காதில் விழாத குழு கையெழுத்துப் போடும் குழுவாகவே முடியும் என்பது. கூட்டத்துக்கு முன்பே வரவு செலவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளாட்சி உறுப்பினர் ஒருவரையாவது கூட்டத்தில் உட்கார வையுங்கள். தீர்மானத்தில் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.

நிதியை விளைவோடு இணைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பிரேசிலின் சியாரா மாநிலம் 2007-ல் சட்டம் இயற்றி, உள்ளாட்சிகளுக்குப் பகிரும் வரிப் பங்கில் ஒரு பகுதியைக் கல்வி முன்னேற்றத்தோடு இணைத்தது. கூடவே சிறு வகுப்பிலேயே வாசிக்க வைக்கும் திட்டத்தையும், பயிற்சியையும், பாடப் பொருட்களையும் கொடுத்தது. நல்ல பலன் கிடைத்தது, அங்குள்ள சோப்ரால் நகரம் நாட்டின் தரப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கடினம். உதவியில்லாமல் பரிசும் தண்டனையும் மட்டும் வைத்தால், பின்தங்கிய பிள்ளையைத் தேர்வு நாளில் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் பழக்கம் வரும். ஏழைப் பகுதிப் பள்ளியின் நிதி குறைந்து, இருக்கும் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

மனு கொடுங்கள், ஆனால் "கூடுதல் நிதி வேண்டும்" என்று கொடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் வாசிப்புச் சோதனையின் முடிவை வையுங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த நிலையில். இரண்டாம் பக்கத்தில் மூன்று ஆண்டுச் செலவையும், காலிப் பணியிடங்களையும், ஒவ்வொரு மானியத்தின் நான்கு தேதிகளையும் வையுங்கள். அதன் கீழே கோரிக்கைகளை இந்த வரிசையில் எழுதுங்கள்: காலியிடத்தை நிரப்புவது, அதுவரை தொகுப்பூதியத்தில் ஒருவர், மானியத்தைப் பள்ளி திறந்த முதல் இரண்டு மாதத்துக்குள் விடுவிப்பது, அதில் ஒரு பங்கையாவது தலைப்புக் கட்டுப்பாடு இல்லாமல் தருவது, தண்ணீரும் கழிப்பறையும் இயங்க மாதத் தொகை, நிலைவாரிக் கற்பித்தலுக்கு அட்டவணையில் ஒரு மணி நேரமும், மாதம் இருமுறை வந்து வகுப்பில் உட்கார்ந்து உதவும் ஒரு மேற்பார்வையாளரும். பணம் அதிகம் கேட்காத கோரிக்கைகள் இவற்றில் இருப்பதால் மறுப்பது கடினமாக இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே வகைத் தாளால் அதே பிள்ளைகளை மறுபடி சோதியுங்கள். பத்தியையும் கதையையும் மட்டும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எழுத்தில் நின்றவர்களில் பாதிப் பேராவது சொல்லுக்கு நகரவில்லையென்றால், அடுத்த தவணைப் பணம் கேட்கும் முன் அந்த ஒரு மணி நேரம் உண்மையில் நடக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.